ஊக்கம் புகழுரையன்று

ஆர். கே. நாராயணின் முதல் நாவலை இலண்டன் பதிப்பகங்கள் பல மறுத்தன. ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற நண்பர் ஒருவர் வழியாக அதன் கையெழுத்துப்படி கிரஹாம் கிரீனை அடைந்தது. நாராயணை நேரில் அறியாத கிரீன் அதனைப் பதிப்பாளரிடம் பரிந்துரைத்தார். 1935இல் ‘சுவாமி அண்டு ஃபிரண்ட்ஸ்’ வெளிவந்தது. நூலின் தலைப்பை மாற்றுமாறும் ஆசிரியர் பெயரைச் சுருக்குமாறும் சொன்னவர் அவரே.

அதன்பின் நிகழ்ந்ததே கருதத்தக்கது. நூல் போதிய அளவு விற்கவில்லை. ஆயினும் கிரீன் விலகவில்லை. 1937இல் வேறொரு பதிப்பகம் வெளியிட்ட இரண்டாம் நாவலுக்கு முன்னுரை எழுதினார்.

ஆகவே ஊக்கம் என்பது வெற்றுப் புகழுரையன்று. படைப்பில் உயிருள்ள இடத்தை இனங்கண்டு, மாற்ற வேண்டியதைச் சொல்லி, அடுத்த படைப்புவரை உடன்நிற்கும் உழைப்பு.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் இலக்கியத் துறைகள் பிரதியின் பிளவுகளைக் காணப் பயிற்றுகின்றன. அப்பயிற்சி இன்றியமையாதது. ஆனால், முடிவுற்ற நூலுக்குரிய அளவுகோலை மாணவரின் முதல் வரைவின்மீது வைத்தால், இரண்டாம் வரைவு எழுதப்படாமலே போகக்கூடும். எழுதப்படாததைத் திறனாய்வும் திருத்த இயலாது. நூலை வாசிக்கக் கற்பிக்கும் பாடத்திட்டத்தில், வரைவை வாசிக்கவும் ஓரிடம் வேண்டும்.