பாலாற்றங்கரையில் நடக்க யாரைக் கேட்க வேண்டும்?

கடலோரமாகக் கட்டம் கட்டமாக நடந்து போவது இன்று ஒரு நாகரிகம். லீவு கிடைத்தால் நாலு நாள் நடை, அடுத்த லீவில் விட்ட இடத்திலிருந்து மறுபடி நடை. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் 1,014 கிலோமீட்டருக்கு இப்படி ஒரு பாதை இருக்கிறது. கள்ளக்கடத்தலைப் பிடிக்கக் காவல்காரர்கள் ரோந்து போன தடம் அது. வேல்ஸில் 2012இல் சுமார் 1,400 கிலோமீட்டர் கடலோரப் பாதையைத் திறந்துவிட்டார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு நம்மூர் ஆசாமிகளும் 'நாமும் நடப்போம்' என்கிறார்கள்.

நடப்போம். ஆனால் யார் அந்த 'நாம்'?

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிற நாங்கள் மூன்று பேர் நடந்து பார்த்தோம். கடல் எங்களுக்கு ஏது? பாலாறுதான். தமிழ்நாட்டுக்குள் 222 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கம் பக்கத்தில் வயலூரில் கடலைத் தொடுகிறது. ஞாயிறு ஞாயிறாகப் பிரித்துக்கொண்டோம். வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் ஒரு நாள், ஆம்பூரிலிருந்து மாதனூர் ஒரு நாள். "இன்னாத்துக்குடா வெட்டியா நடக்கறீங்க, கம்பெனிக்கு நடந்தது போதலியா?" என்றது அம்மா. அதுக்குத் தெரிந்த நடையெல்லாம் கூலிக்கு நடந்த நடைதான்.

மூன்றாவது ஞாயிறு ஓரிடத்தில் கரைமேட்டில் கம்பிவேலி. கீழே இறங்கினால் மணல் அள்ளிய பள்ளம். வேலிக்கு உள்ளே நின்றவர் கேட்டார்: "எந்த ஊருப்பா?" சொன்னோம். "ஊரா, காலனியா?" அதையும் சொன்னோம். "இந்தப் பக்கம் வராதீங்க, ரோட்டு மேல போங்க." எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்று அவர் கேட்கவே இல்லை. அவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

ஆறு புறம்போக்குதானே, யாரும் நடக்கலாமே என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. பொதுச்சாலையில், பொதுக்கிணற்றில் எல்லாருக்கும் உரிமை உண்டு என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். நூறு வருஷம் தாண்டிவிட்டது. 2019 ஆகஸ்டில் இதே பாலாற்றில், வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில் என்ன நடந்தது? மயானத்துக்குப் போகிற வழியை ஆதிக்க சாதியார் மறித்ததால், செத்துப்போன தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சியை நாடே பார்த்தது. உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. கயிற்றில் தொங்கியது ஒரு மனுஷனின் கடைசி நடை அய்யா!

இதைச் சொன்னதும் மயானப் பாதை போட்டுத் தருகிறோம் என்று அதிகாரிகள் வருவார்கள். போடட்டும், அது வேண்டும்தான். ஆனால் அதோடு வாயை மூடிக்கொள்ள முடியாது. பிணம் போக ஒரு வழி, கூலிக்குப் போக ஒரு வழி, இவ்வளவு போதும் இவன்களுக்கு என்று எங்களை நிறுத்தப் பார்க்கிறார்கள். சும்மா நடக்கவும் எங்களுக்கு வழி வேண்டும். வேலை இல்லாத நாளில், யாருக்கும் பதில் சொல்லாமல், ஆற்றைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும்.

இங்கிலாந்துக்காரன் பாதையும் சும்மா வரவில்லை. 1932 ஏப்ரல் 24, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் கிண்டர் ஸ்கவுட் மேட்டுக்கு ஏறினார்கள். பண்ணையார்கள் வேட்டைப் பறவைக்காக அடைத்து வைத்திருந்த மேடு அது. அய்ந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். திறந்த வெளியில் நடக்கும் உரிமைக்குச் சட்டம் வந்தது 2000இல், இங்கிலாந்தின் கடலோரம் முழுக்கப் பாதைக்கான சட்டம் 2009இல். நடைப் புராணம் எழுதுகிற நம்மவர்கள் கொப்புளத்தை மொழிபெயர்க்கிறார்கள், ஜெயிலை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோல் பட்டறைக் கழிவால் இந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுசாகவோ பாதியாகவோ கெட்டது என்ற ஆய்வுக் கணக்கை, 1996 ஆகஸ்ட் 28இல் தந்த தீர்ப்பிலேயே உச்சநீதிமன்றம் எடுத்துச் சொன்னது. கெடுத்தவனே ஈடு தர வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் அதையே சொல்ல வேண்டி வந்தது. தோலை எங்கள் தலையில் கட்டியவர்கள், ஆறு நாறினால் எங்களைத்தான் கைகாட்டுகிறார்கள். கரை வேலிக்குள் கிடந்தால் எந்தக் குழாய் ராத்திரியில் எங்கே திறக்கிறது, எந்த லாரி எங்கே மணல் அள்ளுகிறது என்று யார் பார்ப்பது? ஜனங்கள் நடக்கிற கரையில் திருட்டு வேலை அத்தனை சுலபமில்லை. இது காலனிக்கு மட்டுமல்ல, ஊருக்கும் லாபம்.

ஆகவே கேட்கிறோம். வாணியம்பாடியிலிருந்து வயலூர் வரைக்கும் பாலாற்றங்கரையை அளந்து, வேலியைப் பிடுங்கி, பொதுப்பாதை என்று கல் நடு. ஒவ்வொரு சேரியையும், ஒவ்வொரு மயானத்தையும் தொட்டுக்கொண்டு அது போகட்டும். எந்த ஊர் என்று கேட்கிறவனுக்கு அந்தக் கல் பதில் சொல்லட்டும். அதுவரைக்கும் கல் இல்லாமலே நடப்போம். மாதனூரிலிருந்து பள்ளிகொண்டா பாக்கி இருக்கிறது. வருகிற ஞாயிறு வேலிக்கு முன்னால் மூன்று பேராக நிற்க மாட்டோம். வர்றவங்க வாங்க.