கழற்றி வைத்த கூரை

அமெரிக்க தேசத்திலே 'ஜீப் ராங்ளர்' என்றொரு மோட்டார் வண்டி உண்டு. கோடைகாலம் வந்தால் அதன் கெட்டிக் கூரையைக் கழற்றிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு சவாரி செய்யலாம். ஆனந்தந்தான்! ஆனால் கழற்றிய கூரையை எங்கே வைப்பது? இரண்டு கதவு வண்டியின் கூரையே சுமார் 50 கிலோ கனம். நாலு கதவு வண்டியினுடையது இன்னும் அதிகம்.

கப்பியும் கயிறும் கொண்டு மோட்டார் கொட்டகையின் உத்திரத்தில் தொங்கவிடுவது அங்கே வழக்கம். தாழ்ந்த கொட்டகையில் இது பலிப்பதில்லை. தலைக்கு மேலே வழுக்கிச் செல்லும் கதவின் தண்டவாளங்கள் குறுக்கே நிற்கும். அதற்குத் தப்பித் தொங்கினாலும் வண்டி உள்ளே நுழையாது. சிலர் கொக்கியை மர உத்திரத்தில் மாட்டாமல், அதன் கீழுள்ள மெல்லிய பலகையிலேயே திருகிவிடுகிறார்கள். கீழே குழந்தைகள் விளையாடுவதை நினைத்தால் நமக்கு நெஞ்சு பதறுகிறது.

சக்கரம் வைத்த சட்டத்திலே கூரையைச் செங்குத்தாக நிறுத்தி, சுவரோரம் உருட்டிச் சென்று வாரினால் கட்டிவிடுவதே உத்தமம் என்பது நமது அபிப்பிராயம். தூக்குவதற்கு இருவராவது வேண்டும். அதற்கு முன் பின்கண்ணாடிக்குச் செல்லும் மின்சாரக் கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் பிரித்துவிட வேண்டும். அவசரக்காரர்கள் மறப்பது இதைத்தான். விளிம்பிலுள்ள ரப்பர் நசுங்கினால் அடுத்த மழையில் மடியிலே தண்ணீர் சொட்டும். அடியில் பழைய கம்பளி ஒன்றை மடித்துப் போட்டால் போதும்; அதற்கென்று கடையில் மெத்தை வாங்க வேண்டியதில்லை.