பெயருக்குக் கொட்டப்படும் பணம்

பேஸ்போல் விளையாட்டைப் பகடையிலும் கணினியிலும் நடத்தி மகிழ்வோரிடையே தீராத மயக்கம் ஒன்று உண்டு. சம்பள உச்சவரம்பு அறிவிக்கப்பட்டதும் பட்டியலில் ஹோம் ரன் அதிகம் அடித்தவர் யாரென்று தேடி, பாதிப் பணத்தை அவருக்கே கொட்டிவிடுவார்கள். பின்னர் பருவம் முழுவதும் பகடையைத் திட்டித் தீர்ப்பார்கள். பகடை என்ன செய்யும்? அவர்கள் தமது மைதானத்தை ஒருமுறையேனும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை!

ஹால் ரிச்மன் 1961இல் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்ட ஸ்ட்ராட்-ஓ-மட்டிக் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் உயர்நிலை விதிகளில், ஓர் அட்டையிலுள்ள ஹோம் ரன்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவையல்ல. சில எங்கும் செல்லுபடியாகும். வேறு சில மைதானத்தின் தயவில் தங்கியிருப்பவை. அவற்றுக்கு இருபது முகப் பகடையை உருட்டி, மைதானத்துக்குரிய எண்ணுடன் ஒப்பிட வேண்டும். அந்த எண் 4 எனில் இருபதில் பதினாறு முறை பந்து களத்திலேயே பிடிபடும். அடிப்பவரின் விலையோ பொதுவாகச் சராசரி மைதானத்தை மனத்திற்கொண்டு இடப்பட்டது. ஆகவே பெரிய மைதானத்துக்கு இத்தகையவரை வாங்குபவர், தமக்குக் கிடைக்காத பொருளுக்கு முழுவிலை கொடுக்கிறார்.

இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். உயரப் பந்துகளை அதிகம் விட்டுக்கொடுக்கும் எறிவாளர் மலிவாகக் கிடைப்பார். யாரும் அவரைச் சீண்டுவதில்லை. அவரது அட்டையிலுள்ள குறையும் மைதானத்தின் தயவில் இருப்பதாயின், பெரிய மைதானம் அக்குறையை விழுங்கிவிடும். மிஞ்சும் பணத்தில் நல்ல மத்திய களத்தடுப்பாளர் ஒருவரையும் ஷோர்ட்ஸ்டொப் ஒருவரையும் வாங்கலாம்.

இது வெறும் காகிதக் கணக்கு என்று ஏளனம் செய்வோர் 1985ஆம் ஆண்டின் சென்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நினைவுகூர வேண்டும். செயற்கைப் புல் விரித்த, விசாலமான புஷ் அரங்குக்கு ஏற்றவாறு வைட்டி ஹேர்சொக் அவ்வணியை வார்த்திருந்தார். பருவம் முழுவதும் அவர்கள் அடித்த ஹோம் ரன்கள் வெறும் 87. ஆனால் திருடிய தளங்கள் 314. அவற்றில் வின்ஸ் கோல்மன் என்ற அறிமுக வீரர் ஒருவரே 110! பொஸ்டனின் பச்சைச் சுவரின் கீழ்ச் சாதாரணமானவராகத் தெரிந்த இடக்கை எறிவாளர் ஜோன் டியூடர், இங்கே 21 வெற்றிகளைக் குவித்தார். மைதானம் மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மைதானத்துக்கும் பங்குண்டு. அணி வென்ற போட்டிகள் 101. (அந்த ஒக்டோபரில் தார்ப்பாயை விரிக்கும் தானியங்கி உருளை கோல்மனின் காலில் ஏறி, அவரை உலகத் தொடரிலிருந்தே விலக்கியது. சொந்த மைதானமே காலை வாரிவிட்டது என்பது இதுதான்.)

எதிர்ப்பக்க உதாரணம் டான்டே பிஷெட். கொலராடோ அணிக்காக 1995இல் அவர் 40 ஹோம் ரன்கள் அடித்து நஷனல் லீக்கில் முதலிடம் பெற்றார். அவற்றுள் 31, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் உயரத்திலுள்ள டென்வரின் கூர்ஸ் மைதானத்தில் அடிக்கப்பட்டவை. அந்த 40ஐ மட்டும் பார்த்து, அவரைக் கொண்டுவந்து அகன்ற மைதானமொன்றில் நிறுத்துவோரை என்னென்பது?

"162 போட்டிகளில் 81 வெளியூரில் அல்லவா?" என்பார்கள். நியாயமான கேள்வி. அதனாற்றான் மைதானத்துக்கு ஏற்ற வீரர் என்பதற்காக எவருக்கும் கூடுதல் விலை கொடுக்கக்கூடாது என்கிறேன். ஓட்டமும் களத்தடுப்பும் எவ்வூரிலும் பயன்படும். மைதானத்தின் தயவில் வாழும் எறிவாளரையோ மிக மலிவாகக் கிடைத்தால் மட்டுமே எடுக்க வேண்டும். வெளியூரில் அவர் வாங்கும் அடியைத் தாங்குவதற்கு அந்த மலிவுதான் ஈடு.