பால் போல வெள்ளை என்றால் பிழையா?

தவணைப் பரீட்சைத் தாள்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டன. பெற்றோர் சிலர் ஆங்கில விடைத்தாளைப் போட்டோ எடுத்து அனுப்பி, "இதில் என்ன பிழை?" என்று கேட்கிறார்கள். ஆங்கிலம் படிப்பிக்கிறவர்கள் என்ற வகையில் நாங்கள் இதைப் பொதுவிலேயே சொல்லிவிடுகிறோம்.

வினா: "ஏஸ் வைட் ஏஸ் ......". பிள்ளை எழுதியது "மில்க்". விடை "ஸ்னோ" என்று பிழை போட்டிருக்கிறார்கள். "ஏஸ் வைட் ஏஸ் மில்க்" என்பதும் ஆங்கிலத்தில் உள்ள வழக்குத்தான். இலக்கணமும் சரி. ஸ்னோவைக் கண்ணால் காணாத பிள்ளைக்குப் பால்தானே ஞாபகம் வரும்? புள்ளி கொடுத்தே ஆகவேண்டும்.

வினாவே பிழையான இடமும் உண்டு. "த வோட்டர் இஸ் ஏஸ் கூல் ஏஸ் அ ......" என்று கேட்டு "கியுகம்பர்" என்ற விடையை எதிர்பார்க்கிறார்கள். பதறாமல் நிதானமாக இருக்கிற ஆளைத்தான் அப்படிச் சொல்வார்கள், கிணற்றுத் தண்ணீரை அல்ல. "ஏஸ் வைட் ஏஸ் அ ஷீட்" என்பதும் அப்படித்தான். பயத்தில் முகம் வெளிறியவருக்கு அது பொருந்தும், பாடசாலைச் சீருடைக்குப் பொருந்தாது. "ஏஸ் புவர் ஏஸ் அ சேர்ச் மவுஸ்" ஏன் வந்தது? தேவாலயத்தில் குசினி இல்லை, எலிக்குத் தின்ன ஒன்றும் கிடைக்காது. இதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை மறக்காது. ஐம்பது உவமையை போட்டோகொப்பி அடித்துப் பாடமாக்கச் சொன்னால் பரீட்சையோடு போய்விடும். (டியூஷன் தாள்கள் பல இப்படித்தான், யாரும் கோபிக்க வேண்டாம்.)

புள்ளி குறைக்க வேண்டிய இடம் வேறு. "ஏஸ் டோலர் ஏஸ்", "மோர் டோலர் தேன்" என்று எழுதினால் தாராளமாகக் குறையுங்கள். இரண்டு ஏஸுக்கு நடுவில் "டோல்" மட்டும்தான் வரும். "டோலர்" வந்தால் பின்னால் "தேன்" வரவேண்டும், முன்னால் "மோர்" வரக்கூடாது.

வினாத்தாள் தயாரிக்கும் நண்பர்களே, ஒரு சொல்லை மட்டும் நிரப்பச் சொல்லாமல் முழு வசனத்தையும் கொடுத்து, அந்த ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். அல்லது பிள்ளையே ஓர் உவமையை எழுதட்டும், அர்த்தம் பொருந்தினால் புள்ளி கொடுங்கள். சாதாரண தரத்தில் கட்டுரை எழுதும்போது யாரும் இடைவெளி விட்டுத் தருவதில்லை.

பெற்றோருக்கு: "மில்க்" எழுதிய பிள்ளையை ஏச வேண்டாம். தாளைக் கொண்டுபோய்ப் பாட ஆசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள். தேர்ச்சி அறிக்கையில் புள்ளி பதிய முன்னர் போனால் திருத்துவது லேசு.