எச்சரிக்கைக்கும் ஓர் அளவு வேண்டும்

நிரலில் பிழை இருந்தால் கம்பைலர் நின்றுவிடும். எச்சரிக்கை என்றால் சொல்லிவிட்டு மேலே சென்றுவிடும். ஆகவேதான் நம்மில் பலர் எச்சரிக்கையைப் படிப்பதே இல்லை. ‘இஃப்’ நிபந்தனையில் இரட்டைச் சமக்குறிக்குப் பதில் ஒற்றைக்குறி இட்டாலும் சி நிரல் ஓடும்; விடைதான் தவறும்.

இந்த அலட்சியத்துக்கு மருந்தாக, லினக்ஸ் கெர்னலைத் தொகுக்கும் அமைப்பில் 2021 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு விதி செய்தார்: எச்சரிக்கை எதுவாயினும் பிழையெனக் கொள்க! விளைவு? பல்வேறு கம்பைலர்களையும் கணினி வகைகளையும் கையாள்வோர் பலருக்குத் தொகுப்பே நின்றுபோயிற்று. சில நாட்களிலேயே அவ்விதி சோதனைத் தொகுப்புகளுக்கு மட்டும் இயல்பாக்கப்பட்டது; மற்றவர் விரும்பினால் ஏற்கலாம்.

இதைத் தோல்வி என்று நான் கருதவில்லை. ஒகேனக்கல்லில் வெள்ளம் பெருகும்போது பரிசலுக்குத் தடை விதிக்கிறார்கள். ஆண்டு முழுதும் தடை இருந்தால் அதை யார் மதிப்பார்? எச்சரிக்கையின் வாயை அடைப்பதும் தவறு; எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் கூவ விடுவதும் தவறு. பொய்யானதைக் களைந்தால்தான் மெய்யானது காதில் விழும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: செய்முறைத் தேர்வில் விடை வந்தால் மட்டும் போதாது, எஞ்சிய ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் மாணவர் காரணம் எழுதினால்தான் முழு மதிப்பெண் என்று அறிவியுங்கள். படிக்கும் பழக்கம் தானே வரும்.