ஜிம்மிக்கு என்ன வருத்தம்?



இம்மாதம் ஒரு நாயைப் பற்றி எழுதப் போகிறேன். "மனிசருக்கே ஆயிரம் பிரச்சினை, இதுக்குள்ள நாய்க்கதை வேறயோ" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஆண் துணையில்லாத வீட்டில், வேலி சரியாக அடைபடாத வளவில், இரவில் நாய் குரைக்கிறது என்பது எவ்வளவு பெரிய தைரியம் என்பதை உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் வசிக்கும் ஓர் அக்காவின் கதை இது. அவருடைய சம்மதத்துடன், பெயரையும் ஊரையும் தவிர்த்து எழுதுகிறேன். 2009இல் கணவரை இழந்து, முகாமிலிருந்து 2010இல் ஊர் திரும்பியவர். மாமியும் இரண்டு மகள்மாரும் அவரும் என நான்கு பெண்கள் மட்டுமே அந்த வீட்டில். காவலுக்கு ஜிம்மி.

2023ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் திகதி பொழுதுபடும் நேரம் ஜிம்மிக்கு திடீரென்று வருத்தம் வந்தது. வாயால் வீணீர் வடிந்தது. சத்தி எடுத்தது, வயிற்றாலும் போனது. கால்கள் நடுங்கி நிற்கமுடியாமல் விழுந்தது. செத்துவிடும் என்றே நினைத்தார்கள். மறுநாள் காலையில் களைத்த மாதிரி எழும்பி வந்து தண்ணீர் குடித்தது. பின்னேரம் வழமைபோல் குரைத்தது. சரி, எதையோ தின்றிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் மே 21இலும் ஜூன் 4இலும் அதே மாதிரி வந்தது. மூன்றும் ஞாயிற்றுக்கிழமை, மூன்றும் பொழுதுபடும் நேரம்.

நான் அந்த வீட்டுக்குப் போனபோது அக்காவின் முகத்தில் நித்திரை இல்லாதது தெரிந்தது. "நாயை மயக்கிப்போட்டு இரவில ஆரோ வரப் பாக்கினம் மிஸ். குமர்ப்பிள்ளைகளை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்ய?" என்றார். மூன்று இரவுகளும் அவர் கத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விழித்திருந்திருக்கிறார். மாமியோ, "இது செய்வினை பிள்ளை. நாயில தொடங்கி ஆளில வந்து முடியும்" என்றார். கோயிலில் நூல் கட்டுவித்து நாயின் கழுத்திலும் ஒன்று கட்டியிருந்தார்கள்.

அக்காவின் சந்தேகம் பக்கத்து வீட்டுப் பெண்மீது இருந்தது. அவரும் கணவரை இழந்தவர்தான். இருவரும் ஒன்றாகச் சீட்டுப் பிடித்தவர்கள், ஒருவர் வீட்டில் அடுப்பு மூளாவிட்டால் மற்றவர் சோறு கொடுத்தவர்கள். கொஞ்சக் காலமாக வேலி எல்லை சம்பந்தமாகச் சிறு மனத்தாங்கல். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் இறைச்சி காய்ச்சுவார்கள். எலும்பை வேலிக்கு மேலால் ஜிம்மிக்குப் போடுவது வழக்கம். ஞாயிறு எலும்பு, ஞாயிறு வருத்தம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. "பொலிசில ஒரு முறைப்பாடு எழுதித் தருவீங்களோ மிஸ்?" என்று கேட்டார்.

நான் உடனே ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. முதலில் கால்நடை வைத்தியரிடம் காட்டுவோம் என்றேன். புதன்கிழமை கொண்டுபோனோம். அன்று ஜிம்மி நல்ல சுகம். வைத்தியர் முரசு வெளிறியிருக்கிறதா என்று பார்த்தார், உண்ணி இருக்கிறதா என்று தேடினார், காய்ச்சல் பார்த்தார். எதுவுமில்லை. வந்து வந்து போகும் வருத்தத்தில் இதுதான் சிக்கல். காட்டப் போகும் நாளில் வருத்தம் இருக்காது. "அடுத்தமுறை வந்தால் உடனே கொண்டு வாங்கோ. முடியாவிட்டால் போனில வீடியோ எடுங்கோ. என்னென்ன நடந்தது எண்டு எழுதியும் வையுங்கோ" என்றார் அவர்.

எழுதும் வேலையை உயர்தரம் படிக்கும் மூத்த மகள் பொறுப்பேற்றாள். ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் கோடு போட்டோம். திகதி, நேரம், ஜிம்மி எங்கே நின்றது, என்ன தின்றது, யார் வந்தார்கள், வீட்டில் வேறு என்ன நடந்தது. வருத்தம் வராத நாட்களையும் எழுதவேண்டும் என்று நான் கட்டாயமாகச் சொல்லியிருந்தேன். வருத்தம் வந்த நாளை மட்டும் பார்த்தால், நாங்கள் முன்கூட்டியே நினைத்து வைத்திருக்கும் காரணம்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஜூன் 11 ஞாயிறு. ஜிம்மி வேலியோரம் எலும்பு தின்றது. வருத்தம் வரவில்லை. "அண்டைக்கு அவ ஒண்டும் கலக்கேல்லப் போல" என்றார் அக்கா.

ஜூன் 18 ஞாயிறு. எலும்பு கிடைக்காதபடி காலையிலிருந்து மறுநாள் விடியும்வரை ஜிம்மியைக் கட்டி வைத்தார்கள். வருத்தம் வரவில்லை. "பாத்தீங்களோ மிஸ்?" என்று அக்கா கேட்டபோது எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜூலை 2 ஞாயிறு. பக்கத்து வீட்டார் யாழ்ப்பாணத்தில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தார்கள். வீடு பூட்டியிருந்தது. பயமில்லை என்று பின்னேரம் நாலரைக்கு ஜிம்மியை அவிழ்த்துவிட்டார்கள். ஆறரைக்கு வீணீர் வடியத் தொடங்கியது. மகள் போனில் வீடியோ எடுத்தாள். ஓட்டோ பிடித்து வைத்தியரின் விடுதிக்கே கொண்டுபோனார்கள். அவர் டோர்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கண்மணி ஊசிமுனை மாதிரிச் சுருங்கியிருந்தது. அற்றோப்பின் ஊசி போட்டார். "இது பயிருக்கு அடிக்கிற கிருமிநாசினி நஞ்சு மாதிரி இருக்கு. எங்கயிருந்து உள்ளுக்குப் போகுது எண்டதை நீங்கள்தான் வீட்டில தேடவேணும்" என்றார்.

மறுநாள் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருந்தோம். மகள் கடைசிக் கோட்டில் எழுதியிருந்ததை வாசித்தாள். ஜூன் 18: "தம்பி மாமா மிளகாய்க்கு மருந்தடிச்சவர். அம்மாவுக்குத் தலையிடி, சத்தி." ஜூலை 2: "மருந்தடிச்சது. அம்மாவுக்குத் தலையிடி, கண் மங்கல்." ஜூன் 11இலும் ஜூன் 25இலும் அந்தக் கோடு வெறுமையாக இருந்தது.

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

அக்காவுக்கு கால் ஏக்கர் மிளகாய்த் தோட்டம். ஒன்றுவிட்ட தம்பி கிழமை நாட்களில் கூலி வேலைக்குப் போவதால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஞாயிறு பின்னேரம் வந்து மருந்தடிப்பார். அடிப்பது தம்பி. ஆனால் கிணற்றடியில் வாளியில் மருந்து கரைப்பதும், முடிந்தபிறகு மெசினைக் கழுவுவதும் அக்கா. வெறுங்கையால்தான். கழுவிய தண்ணீர் வாழையடிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். காண்டாவன வெயிலில் அந்த ஈர மண்ணைக் கிண்டிப் படுப்பதும், தேங்கிய தண்ணீரை நக்குவதும் ஜிம்மியின் வழக்கம். ஜூன் 18இல் அது தப்பியது எலும்பு கிடைக்காததால் அல்ல. கட்டியிருந்ததால் வாழையடிக்குப் போகமுடியவில்லை, அவ்வளவுதான்.

பூச்சிகளுக்கு அடிக்கும் மருந்துகளில் ஓகனோபொசுபேற்று, காபமேற்று என்ற வகைகள் உண்டு. இவை நரம்புகளைத் தாக்கும். வாயால் மட்டுமல்ல, தோலாலும் மூச்சாலும் உள்ளே போகும். நாய்க்கு வந்த வீணீர், சத்தி, நடுக்கம், கண்மணி சுருங்கல் எல்லாம் மனிதருக்கும் வரும். கொஞ்சமாகப் போனால் தலையிடி, தலைச்சுற்று, வயிற்றுப் பிரட்டல், கண் மங்கல் என்றுதான் தொடங்கும்.

இங்கே என்னுடைய தவறையும் எழுதவேண்டும். அக்காவின் தலையிடி எனக்குப் புதிதல்ல. 2021இலிருந்தே அவருடைய கோவையில், "தலையிடி, நித்திரையின்மை: மன அழுத்தம்" என்று நானே எழுதியிருக்கிறேன். உளவள ஆலோசனைக்கும் அனுப்பினேன். எந்த நாளில் தலையிடி வருகிறது, அன்று என்ன வேலை செய்தீர்கள் என்று ஒருமுறையும் கேட்கவில்லை. யுத்தத்தில் இவ்வளவு இழந்த பெண்ணுக்குத் தலையிடி என்றால் அது யோசனையால்தான் வரும் என்று முடிவு கட்டிவிட்டேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த எனக்கு அது தெரியவில்லை. உயர்தரம் படிக்கும் பிள்ளையின் அப்பியாசக் கொப்பிக்குத் தெரிந்தது.

சகோதரிகளே, எங்கள் உடம்பில் வரும் எல்லாவற்றையும் யுத்தத்தின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் எங்களுக்கும் உண்டு, எங்களிடம் வரும் உத்தியோகத்தர்களுக்கும் உண்டு. மனத்துயரால் உடம்பு நோவது உண்மை. அதற்கு ஆலோசனை பெறுவதும் அவசியம். ஆனால் காரணம் ஒன்றுதான் என்று தேடாமலேயே முடிவு செய்வது ஆபத்து. அக்கா இப்போதும் ஆலோசனைக்குப் போகிறார். நித்திரை இல்லாத இரவுகள் இப்போதும் உண்டு. மருந்தடித்த நாளின் தலையிடியும் சத்தியும் மட்டும் நின்றுவிட்டன. ஜிம்மிக்கும் அதற்குப் பிறகு அந்த வருத்தம் வரவில்லை.

செய்தது பெரிய வேலையல்ல. மருந்து கரைக்கும் வாளியைத் தனியாக அடையாளமிட்டு ஒதுக்கினார்கள். கரைப்பதும் கழுவுவதும் கிணற்றிலிருந்து தள்ளி, தோட்டத்துக்குள் என்று ஆனது. கழுவிய தண்ணீரை வாய்க்காலிலோ பள்ளத்திலோ விடாமல், மருந்தடித்த பயிருக்கே தெளித்தார்கள். இறப்பர் கையுறை வாங்கினார்கள். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளித்து, உடுப்பைத் தனியாகத் தோய்த்தார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு விவசாயப் போதனாசிரியரை அழைத்தோம். திகதி பார்த்து அடிக்காமல், பூச்சியைக் கண்ட பிறகு தேவையான அளவு மட்டும் அடியுங்கள் என்று அவர் விளங்கப்படுத்தினார். அன்று வந்த பெண்களில் பலர் கரைப்பதும் கழுவுவதும் தாங்கள்தான் என்று சொன்னார்கள்.

எங்கள் நாட்டில் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் என்பன 1995இலும், எண்டோசல்பான் 1998இலும், பரக்குவாட், டைமெதோயேற், பென்தியன் என்பன 2008க்கும் 2011க்கும் இடையிலும் படிப்படியாக நிறுத்தப்பட்டன. அதனால் பல உயிர்கள் தப்பின. ஆனாலும் இன்று கடையில் இருப்பது தீங்கில்லாதது என்று எண்ணிவிடக்கூடாது. நாங்கள் அதை "மருந்து" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது நஞ்சு. போத்தலைப் பூட்டி வையுங்கள். வெறும் போத்தலில் மண்ணெண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைக்காதீர்கள்.

உங்கள் வீட்டு நாய்க்கும் இப்படி வந்து வந்து போனால் காரணம் இதுதான் என்று சொல்லமாட்டேன். உண்ணியால் வரும் காய்ச்சலில் நாய் சோர்ந்து, முரசு வெளிறிப்போகும். காக்கை வலிப்பு ஓரிரு நிமிடத்தில் வந்து அடங்கும். தேரையைக் கவ்வினால் நுரை தள்ளும். வெங்காயம் தொடர்ந்து தின்றால் இரத்தம் குறையும். எதுவென்று தெரிய, வந்த நாளையும் வராத நாளையும் எழுதி வையுங்கள். வருத்த நேரத்தில் பாலோ எண்ணெயோ பருக்க வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பனடோல் கொடுக்க வேண்டாம். வீணீர் வடியும் நாயின் வாய்க்குள் கை வைக்கவும் வேண்டாம். விசர்நோயாகவும் இருக்கலாம். விசர்நோய் வந்து வந்து போகாது, சில நாட்களில் நாய் இறந்துவிடும். கடித்தாலோ காயத்தில் வீணீர் பட்டாலோ சவர்க்காரம் போட்டு நன்கு கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மனிதருக்கு நஞ்சுக் குணம் கண்டால் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். மருந்துப் போத்தலையும் கூடவே கொண்டு போங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கதையையும் சொல்லி முடிக்கிறேன். ஒரு மாதமாக அவரோடு முகம் கொடுத்துக் கதைக்காத அக்கா, கொப்பியையும் எடுத்துக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னார். "எலும்பு போட்டதுக்கு இந்தப் பழியோ?" என்று கேட்டு அவர் அழுதாராம். இரண்டு கிழமை பேசவில்லை. மூன்றாம் கிழமை சீட்டுக்காசை மகளிடம் கொடுத்து அனுப்பினார். அதற்கடுத்த ஞாயிறு வேலிக்கு மேலால் எலும்பு வந்தது.

அந்த முறைப்பாட்டை எழுதிக் கொடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் இப்போதும் நினைப்பதுண்டு.

அடுத்த மாதம் சந்திப்போம்.