ஓடுவோரின் குதிநாண்

2008 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 18 ஆம் திகதி, பீஜிங் ஒலிம்பிக் அரங்கிலே சீன மக்கள் அனைவரும் எதிர்பார்த்திருந்த ஒருவர் ஓட்டக் கோட்டுக்கு வந்து நின்றார். அவர் லியூ சியாங். 2004 இல் ஏதென்சில் 110 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தை 12.91 செக்கனில் முடித்துத் தங்கப் பதக்கம் பெற்றவர். வேறொருவர் முந்திப் புறப்பட்டமையால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. மற்றையோர் மீண்டும் கோட்டுக்குச் சென்றனர். லியூ அரங்கை விட்டு வெளியேறினார். அவரைத் தடுத்தது குதிகாலின் பின்னேயுள்ள ஒரு நாண். 2012 இல் இலண்டனில் முதலாவது தடையிலேயே மோதி வீழ்ந்தபோது அந்த நாண் அறுந்தே போயிற்று. ஒற்றைக் காலால் எல்லைவரை நொண்டிச் சென்று கடைசித் தடையை அவர் முத்தமிட்ட காட்சி பார்த்தவர் நெஞ்சை உருக்கியது.

மேலைநாட்டு வைத்தியர் இதற்கு அக்கிலிஸ் என்னும் கிரேக்க வீரனின் பெயரை இட்டனர். தாய் அவனைக் குதிகாலிற் பிடித்து ஆற்றில் தோய்த்தாள், பிடித்த இடம் மட்டும் நனையவில்லை என்பது கதை. இக்கதை ஹோமரின் இலியத்தில் உள்ளதென்று மாணவர் பலர் எழுதுகின்றனர். அங்கே இல்லை, பின்வந்த உரோமப் புலவர் ஒருவரிடமே அதனைக் காண்கிறோம். நமக்கோ கண்ணபிரானின் பாதத்தில் தைத்த வேடன் அம்பு நினைவுக்கு வரும்.

ஊரார் இதனை நரம்பு என்பர். நரம்பன்று, கெண்டைக்காலின் தசைகளைக் குதி எலும்போடு பிணிக்கும் கயிறு. ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் நீளமுடையது. உடலிலுள்ள நாண்களுள் இதுவே தடித்தது, வலியது. ஓடும்போது உடல் நிறையைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு வரை இதன்மேற் சுமை விழுகிறது. ஆயினும் குதி எலும்புக்கு மேலே 2 முதல் 6 சென்ரிமீற்றர் வரையான பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு. நோவும் அறுதலும் பெரும்பாலும் அங்கேதான்.

ஆண்டு முழுவதும் வாளாவிருந்துவிட்டு, இல்லப் போட்டிக்கு மூன்று கிழமைகளுக்கு முன் நாள்தோறும் ஓடத் தொடங்கும் மாணவரை நாம் அறிவோம். தசை விரைவில் வலுப்பெறும். நாண் மெதுவாகவே வலுப்பெறும். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடிகளில் விறைப்புத் தோன்றும். ஓடத் தொடங்கும்போது நோகும், உடல் சூடேறியதும் மறையும். மறைந்தது குணமென்று எண்ணி மேலும் ஓடுவதுதான் கேட்டுக்கு வழி.

முன்னர் இதனை அழற்சியென்றே கொண்டு, ஓய்வும் மாத்திரையும் கொடுத்தனர். நாட்பட்ட நோவில் நாணின் இழைகளே சீர்குலைந்திருப்பதைப் பின்னர் கண்டனர். சுவீடன் நாட்டுச் சத்திர சிகிச்சை வைத்தியர் ஹாக்கன் அல்பிரெட்சனுக்குத் தாமே இந்த நோவு இருந்தது. சத்திர சிகிச்சை செய்ய மேலதிகாரி இணங்காமையால், நாணை அறுத்தாவது விடுவோமென்று கடும் பயிற்சியில் இறங்கினாராம். நாண் அறவில்லை, நோவு அகன்றது! 1998 இல் ஓடுபவர் பதினைவரிடம் அதனைச் செய்துபார்த்து வெளியிட்டார். பதினைவரும் ஓட்டத்துக்கு மீண்டனர்.

பயிற்சி எளிது. படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, இரு காலாலும் எழும்பி, நோவுள்ள காலில் மட்டும் நிறையைத் தாங்கிக் குதியைப் படிக்குக் கீழே மெல்ல இறக்க வேண்டும். எழும்புவதற்கு நல்ல காலின் உதவியைக் கொள்க. முழங்காலை நீட்டி 15 தடவைகள் மும்முறை, மடித்து 15 தடவைகள் மும்முறை. காலையும் மாலையும், 12 கிழமைகள். தாங்கக்கூடிய நோவு இருந்தால் அஞ்சவேண்டுவதில்லை. நோவு குறைந்தபின் முதுகுப் பையிற் சுமை சேர்க்கலாம். நாண் எலும்போடு பொருந்தும் இடத்திலேயே நோவிருப்பின், குதியைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கலாகாது. இரண்டு நாளிற் பலன் கேட்பவருக்கு இது ஏற்றதன்று.

அறுந்துவிட்டால் நிலைமை வேறு. பின்னால் யாரோ உதைத்ததுபோலிருக்கும். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இரார். குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அமுக்கினால் பாதம் அசையவேண்டும். அசையாவிடின், எண்ணெய் தடவி உருவுவதை விட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. எல்லோருக்கும் கத்தி வேண்டியதில்லை. 2022 இல் வெளியான நோர்வே ஆய்வில் ஓராண்டின்பின் இரு வகையினரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். ஆனால் சத்திர சிகிச்சை செய்யாதோருள் நூற்றுக்கு ஆறு பேருக்கு மீண்டும் அறுந்தது, செய்தோருள் ஒருவருக்கும் குறைவு.

சிப்ரோபுளொக்ஸசின் வகை மருந்துகள் நாணைப் பலவீனப்படுத்தக்கூடும். அவற்றை உண்ணும்போது குதிகால் நொந்தால் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளை குதிகால் நோகிறதென்றால், பெரும்பாலும் அது நாணன்று; வளரும் குதி எலும்பின் நோவு. ஓட்டத்தைச் சிறிது குறைத்து, குதி தடித்த சப்பாத்து வாங்கிக் கொடுத்தால் எலும்பு முற்றும்போது தானே நீங்கும்.